வெளியூர் பிளேயர்

இடிக்குதா தம்பி? மன்னிச்சுக்கோங்க. சாக்குக்குள்ள இருக்கது கிரிக்கெட் பேட்டு. மேல வைக்கலாம்னா கண்டக்டர் ஒத்துக்கிட மாட்டேங்காரு, பிரேக் போட்டா எவன் தலையிலயாவது விழும்ங்காரு. அவரு சொல்லுததும் நியாயந்தான். ரூல்னா ரூல். நான் ரூலுக்குக் கட்டுப்பட்ட ஆளு. காலுக்கு நடுவுல வச்சுக்கிடுதேன், நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க.

திருப்பூரா? பனியன் கம்பெனியா? நெனச்சேன். நானும் திருப்பூர்தான் போறேன், மகன் வீட்டுக்கு. வீட்டுக்குன்னா தங்கதுக்கெல்லாம் இல்லை. இந்தப் பேட்டை விட்டுட்டுப் போயிட்டான், குடுத்துட்டு அடுத்த பஸ்ல திரும்பிருவேன். பதினோரு நாளாச்சு. ஃபோன் போட்டா எடுக்க மாட்டேங்கான். மொத நாலு நாள் மணி அடிச்சுது. இப்ப அதுவும் இல்லை, ஒரு பொம்பளைப்பிள்ளை என்னமோ இங்கிலீஷ்ல சொல்லுது.

ஏன் எடுக்கலைன்னு நீங்க கேக்க மாட்டீங்க, மரியாதை தெரிஞ்ச ஆளா இருக்கீங்க. நானே சொல்லுதேன். கோவில்பட்டியிலருந்து திருப்பூர் வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு வர எனக்கு ஆகாது. உங்களுக்கு எங்க ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. அம்பயர் மாதிரி கேளுங்க. கேட்டுட்டு, நான் செஞ்சது சரியா தப்பான்னு சொல்லுங்க. சரின்னுதான் சொல்லுவீங்க.

எங்க ஊரு ஆவரங்காடு. கோவில்பட்டிக்குக் கிழக்க, கரிசல் காடு. கண்மாய் ஒண்ணு இருக்கு. சித்திரையில அது வத்திக் கெடக்கும்லா, அந்தத் தரையிலதான் டோர்னமென்ட். சுத்துப்பட்டு பதினாறு ஊரு, ஊருக்கு ஒரு டீம். டென்னிஸ் பந்து, எட்டு ஓவர், தோத்தா வெளிய. இருபத்திரெண்டு வருஷமா நான்தான் செக்ரெட்டரி. பேர் அய்யாத்துரை. அங்க எறங்கி டோர்னமென்ட் அய்யாத்துரைன்னு கேட்டா சின்னப்பிள்ளை கூட வீட்டைக் காட்டும்.

நீங்க நெனைப்பீங்க, பந்தை வாங்கி, மைக் செட்டைக் கட்டுனா டோர்னமென்ட் நடந்துரும்னு. அதெல்லாம் இல்லை தம்பி. ஆறு மாசம் முந்தியே தேதி போட்டு போஸ்டர் அடிக்கணும். மத்த ஊர்த் திருவிழாத் தேதி மோதக் கூடாது. கருவேல முள்ளு வெட்டணும். ரெண்டு லோடு தண்ணி அடிச்சு, கல் உருளையைப் போட்டு நாலு நாளு உருட்டினாத்தான் நடுவுல பிட்ச்சுன்னு ஒண்ணு தெரியும். பதினாறு கேப்டனையும் உக்கார வச்சு குத்துப்போணியில சீட்டைப் போட்டுக் குலுக்கணும். சீட்டு மடிக்கதுல கூட வில்லங்கம் வரும். ஒருத்தன் ‘அந்தச் சீட்டு தடிமனா இருக்கு’ம்பான். அதுக்காகவே ஒரே நோட்டுல ஒரே அளவுல ஸ்கேல் வச்சுக் கிழிப்பேன்.

இதுல பெரிய தலைவலி எதுன்னா வெளியூர் பிளேயர். ஒவ்வொரு டீமும் மதுரையிலருந்தும் தூத்துக்குடியிலருந்தும் காசு குடுத்து ஆளைக் கூட்டியாந்து எறக்கிருவான். ஊர்ப் பயலுக தண்ணி பாட்டில் தூக்கிக்கிட்டு நிப்பானுக. அது அசிங்கம்லா? அதனாலதான் மூணு வருஷத்துக்கு முந்தி ரூல் போட்டேன். ஏழாம் நம்பர் ரூல். ஆதார் கார்டுல எந்த ஊரு இருக்கோ அந்த ஊர் டீம்லதான் ஆடணும். ஜெராக்ஸ் முன்கூட்டியே குடுக்கணும். சந்தேகம் இருந்தா டாஸுக்கு முன்னாடி எழுதிக் குடுத்து ஒரிஜினல் கேக்கலாம். ஒரிஜினல்ல வேற ஊர் இருந்தா, அந்த ஆள் மட்டும் இல்லை, அந்த டீமே வெளிய. ஒரிஜினலோட ஜெராக்ஸை எடுத்து மனுவோட பின் பண்ணி ஃபைல்ல வைக்கணும். எல்லாம் நான் எழுதினது.

என் வேலை அப்படி தம்பி. போஸ்ட்மேன். முப்பத்தொரு வருஷம் ஆறு ஊருக்கு சைக்கிள்ல தபால் குடுத்தவன். அட்ரஸ்ல எனக்கு ஒரு நம்பிக்கை. ஆள் பொய் சொல்லுவான், அட்ரஸ் சொல்லாது.

அந்த ரூலைப் போட்ட வருஷமே ஒரு சங்கடம் வந்துது. மேட்டுக்களம்னு பக்கத்து ஊரு. அந்த டீம் கேப்டன் தாவீது, தங்கமான மனுசன், டிராக்டர் வச்சிருக்கான். அவன் தம்பி எபனேசர் நல்ல பவுலர். சின்னதுலருந்து எங்க கண்மாய்லயே போட்டு வளந்த பையன். கல்யாணம் ஆகி கோவில்பட்டியில குடியேறி, கார்டையும் மாத்திட்டான். அந்த ஜெராக்ஸைக் குடுக்க என் டேபிளுக்கு வந்து நிக்கான். ‘அண்ணாச்சி, நான் இந்த மண்ணுல பெறந்தவன், எங்கம்மா இன்னும் மேட்டுக்களத்துலதான் இருக்கா’ங்கான். நான் சொன்னேன், ‘உன் சோறு எங்க வேகுதோ அதான்டே உன் ஊரு. வெளிய போ.’ மைக்லயும் சொன்னேன். அவன் ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, வெறுங்காலோட வரப்புல நடந்து போனான். அந்த வருஷம் அவன் இல்லாம ஆடி அவங்க முதல் ரவுண்டுலயே அவுட்டு. ரூல்னா அப்படித்தான் தம்பி, யார் மூஞ்சியும் பாக்கக் கூடாது.

இப்ப என் மகன் கதைக்கு வாரேன். ராஜவேல். ஒரே பிள்ளை. அவனுக்கு அம்மா கெடையாது, ஆறு வருஷம் முந்தி போயிட்டா. அவன் பேட் பிடிச்சு நின்னா இந்த ஜில்லாவுல அவனுக்குப் பந்து போட ஆளு கெடையாது. பெத்தவன்கிறதுக்காகச் சொல்லலை, செக்ரெட்டரியாச் சொல்லுதேன். திருப்பூர்ல டைலர் வேலைக்குப் போனான். அங்கயே கூட வேலை பாத்த பிள்ளையைக் கட்டிக்கிட்டான். எனக்கு அதுல வருத்தம் ஒண்ணுமில்லை. கல்யாணத்துக்கு நான் போகலை, அது வாஸ்தவம். அன்னைக்குக் கால் இறுதி. நான் ஆறு மாசம் முந்தி போஸ்டர் அடிச்சு ஒட்டிட்டேன். அது தெரிஞ்சும் அந்தத் தேதியில கல்யாணத்தை வச்சா நான் என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்க. நாலு மேட்ச், எட்டு டீமு, செக்ரெட்டரி இல்லாம எப்படி நடக்கும்?

அப்படிப் பாக்காதீங்க தம்பி. ஃபோன்ல வாழ்த்துச் சொன்னேன். இடைவேளையில.

அப்புறம் பாப்பா பெறந்துது. ஃபோன்ல காட்டுவான், நானும் பாப்பேன். வாரத்துக்கு ஒரு தடவை பேசுவோம். ‘சாப்பிட்டியா’ன்னு கேப்பான், ‘சாப்பிட்டேன்’னு சொல்லுவேன். நான் கேப்பேன், அவன் சொல்லுவான். அவ்வளவுதான, ஆம்பளையும் ஆம்பளையும் வேற என்னத்தைப் பேச? நாலு வருஷம் அவன் ஊர்ப்பக்கம் வரலை. நானும் வான்னு சொல்லலை, வராதன்னும் சொல்லலை.

இந்த வருஷந்தான் சொன்னேன். எங்க ஊர் டீமு ஃபைனலுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. இந்தத் தடவை சீட்டு நல்லா விழுந்துது, முதல் ரவுண்டைத் தாண்டிட்டோம். ஆனா அடிக்க ஆளில்லை. பயலுக எல்லாம் வந்து, ‘அண்ணாச்சி, ராஜவேல் அண்ணனைக் கூப்பிடுங்க’ன்னு நிக்கானுக. போட்டேன் ஃபோனை. ‘ஏல, ஊருக்காக ரெண்டு நாள் வா’ன்னேன். அந்தப் பக்கம் தையல் மெஷினை நிறுத்துத சத்தம் கேட்டுது. அப்புறம், ‘வாரேம்ப்பா’ன்னான். குரல் ஒரு மாதிரி இருந்துது. வேலை அசதின்னு நெனச்சேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துட்டான். அவன் ஜெராக்ஸ் வேணும்லா, ஃபைலுக்கு? பீரோவுல பழசு ஒண்ணு கெடந்துது, ரேஷன் கார்டுக்கு எடுத்தது. நாலு பார் நூத்தி பன்னெண்டு, கிழக்குத் தெரு, ஆவரங்காடு. என் வீட்டு அட்ரஸ்தான. அதை வச்சேன். சொந்த மகன்கிட்ட ஒரிஜினல் கேப்பனா?

சனிக்கிழமை கால் இறுதியில அவன் ஆடுனான் பாருங்க. பந்து கருவேல மரத்தைத் தாண்டிப் போய் விழுது. தேடப் போன பயலுக திரும்பி வாரதுக்குள்ள அடுத்தது போகுது. நான் மைக்ல இருக்கேன். எனக்கு ஒரு பழக்கம், யார் எறங்குனாலும் அப்பன் பேரைச் சேத்துத்தான் சொல்லுவேன். ‘அடுத்ததாகக் களமிறங்குபவர் இன்னார் மகன் இன்னார்’னு. ஊருக்குள்ள எல்லாரையும் தெரியும்லா. அன்னைக்கு, ‘அய்யாத்துரை மகன் ராஜவேல்’னு சொல்லும்போது என் குரல் எனக்கே கேக்கலை. அவ்வளவு கைத்தட்டு.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல அவன் சோறு வடிச்சான். நான் ஸ்கோர் ஷீட்டுக்குக் கோடு போட்டுக்கிட்டு இருக்கேன். ‘அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்’னு வந்து எதுக்க உக்காந்தான். எனக்கு மறுநாள் அரை இறுதி, ஃபைனல், அம்பயர் ஒருத்தனுக்கு வயித்துப்போக்கு, ஆயிரம் சோலி. ‘எதுன்னாலும் டோர்னமென்ட் முடியட்டும்டே’ன்னேன். ‘சரி’ன்னு எந்திரிச்சுப் போயிட்டான். ‘நாளைக்கு மத்தியானம் அவளும் பாப்பாவும் வாராங்க’ன்னு மட்டும் அடுப்படியில நின்னு சொன்னான். ‘வரட்டும், வரட்டும்’னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அரை இறுதி, ஜெயிச்சாச்சு. மூணு மணிக்கு ஃபைனல். எதுக்க யாரு? மேட்டுக்களம். தாவீது டீமு.

கண்மாய்க்கரை பூரா ஆளு. புளிய மரத்துக் கிளையில எல்லாம் ஏறி உக்காந்திருக்கானுக. பந்தல்ல டேபிள் மேல கப்பு, சிகப்புத் துணி விரிச்சு. ரெண்டு மணி வாக்குல மருமக பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. மஞ்சக் கவுனு போட்டிருந்துது பாப்பா. பந்தலுக்குப் பின்னால நெழல்ல உக்காந்தாங்க. நான் மைக்ல இருந்தபடியே தலையை ஆட்டுனேன். கிட்டப் போய்ப் பேசலை. மேட்ச் முடிஞ்சதும் கப்போட போவோம், பிள்ளை கையில கப்பைக் குடுத்து ஒரு போட்டோ எடுப்போம்னு மனசுல வச்சிருந்தேன். அதுதான் என் திட்டம்.

ரெண்டரை மணி. தாவீது டேபிளுக்கு வாரான். கையில ஒரு பேப்பர். நாலா மடிச்சது. வச்சான். பிரிச்சுப் பாக்கேன், ஏழாம் நம்பர் ரூல்படி ஆவரங்காடு அணி ராஜவேல் என்பவரின் ஒரிஜினல் கார்டைப் பார்க்க வேண்டும்னு எழுதியிருக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துது. ‘என்னவே, எம்மகன் ஊரை எங்கிட்டயே கேக்கீரா?’ன்னேன்.

‘ரூலுதான அண்ணாச்சி’ன்னான் தாவீது. சத்தம் கூட்டலை, ஒண்ணுமில்லை. கண்ணு மட்டும் என் மூஞ்சியை விட்டு நகரலை.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மைக்கை எடுத்தேன். ‘மேட்டுக்களம் கேப்டன் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ராஜவேலின் ஒரிஜினல் கார்டு இப்போது எல்லார் முன்னிலையிலும் சரிபார்க்கப்படும்’னு அறிவிச்சேன். நம்ம மடியில கனமில்லைன்னு ஊருக்குத் தெரியட்டும்லா. ராஜவேல் காலுக்குப் பேடு கட்டிக்கிட்டு இருந்தவன் அப்படியே எந்திரிச்சு வந்தான். ஒரு கால்ல கட்டியிருக்கு, ஒரு கால்ல இல்லை. வந்து எங்காதுகிட்ட குனிஞ்சு, ‘அப்பா, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசுவோம்’ங்கான்.

‘தள்ளி எதுக்கு? எடுல கார்டை’ன்னேன். மைக் ஆன்ல இருக்கு. அது பதினாறு ஊருக்கும் கேட்டுது.

பர்ஸை எடுத்தான். கார்டை எடுத்து எங்கையில குடுக்காம டேபிள்ல வச்சான். நான் எடுத்து மைக்குக்குக் கிட்ட பிடிச்சு வாசிக்க ஆரம்பிச்சேன். ஒண்ணு சொல்லணும் உங்களுக்கு. போஸ்ட்மேன் அட்ரஸைக் கீழ இருந்துதான் படிப்பான். முதல்ல பின்கோடு, அப்புறம் ஊரு, அப்புறம் தெரு, கதவு நம்பர். பேரு கடைசியிலதான். தபால் கட்டுப் பிரிச்சுப் பிரிச்சு அப்படியே கண்ணு பழகிரும். எங்க பக்கத்துப் பின்கோடு எல்லாம் ஆறு ரெண்டு எட்டுல ஆரம்பிக்கும். நான் மைக்ல, ‘ஆறு’ன்னு சொல்லிட்டேன். அடுத்த நம்பர் நாலு.

ஆறு நாலு ஒண்ணு. முப்பத்தொரு வருஷமா பாத்தவன் எனக்குத் தெரியாதா அது திருப்பூர்ப் பக்கம்னு? கரையில இருக்கவன் எல்லாம் அடுத்த நம்பருக்குக் காத்துக்கிட்டு இருக்கான். ஸ்பீக்கர்ல என் மூச்சுதான் கேக்குது.

மைக்கை அமத்திட்டு, ‘என்னல இது?’ன்னேன்.

‘பாப்பாவை ஸ்கூல்ல சேக்கணும்ப்பா. அந்த ஊர் அட்ரஸ் கேட்டாங்க. போன வருஷமே மாத்திட்டேன்.’

‘எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?’

‘நேத்துச் சொல்ல வந்தேன்’ன்னான். அப்புறம் பல்லைக் கடிச்சுக்கிட்டு, மெதுவாத்தான் கேட்டான். ‘நாலு வருஷத்துல ஒரு தடவை, எங்கல குடியிருக்கன்னு கேட்டிருக்கீங்களா? ஊர் பூரா அட்ரஸ் தெரிஞ்ச ஆளுதான நீங்க?’

என்ன கேள்வி தம்பி இது? ஃபைனலுக்கு அரை மணி நேரம் இருக்கையில கேக்க வேண்டிய கேள்வியா?

ரூல்படி ஜெராக்ஸ் எடுத்து மனுவோட பின் பண்ணணும். பஸ் ஸ்டாப் கடையில போய் எடுத்துட்டு வான்னு கார்டை அம்பயர்கிட்டக் குடுத்து பைக்ல அனுப்புனேன். போய் வர பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசந்தான் தம்பி. எங்க ஊர்ப் பயலுக டேபிளைச் சுத்திட்டானுக. ‘அண்ணாச்சி, அந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க’ங்கான் ஒருத்தன். ஒருத்தன் ஸ்டம்பைப் பிடுங்கிக் கையில வச்சிருக்கான். அந்தப் பக்கம் மேட்டுக்களத்து ஆளுக கரையை விட்டு எறங்கி வாரானுக. அடிதடின்னு ஆரம்பிச்சா பதினாறு ஊருக்கும் பரவும், எனக்குத் தெரியும்.

அப்பத்தான் தாவீது ஒரு காரியம் செஞ்சான். அவன் ஆளுகளைக் கையைக் காட்டி நிறுத்திட்டு, டேபிளுக்கு இந்தப் பக்கம் வந்து எம்பக்கத்துல முட்டி போட்டு உக்காந்தான். ‘அண்ணாச்சி, எனக்குக் கப்பு இப்படி வேண்டாம். ராஜவேல் எங்க கூட வளந்த பையன், அவன் இந்த ஊர்க்காரன் இல்லைன்னு நான் சொல்லுவனா? நீங்க மைக்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. கார்டுல என்ன இருந்தாலும் இவன் எம்மகன், இந்த ஊர்க்காரன்னு சொல்லுங்க. மனுவை நானே கிழிச்சுருதேன். எபனேசரும் வந்திருக்கான், அவனும் எறங்கட்டும். ரெண்டு பேரும் ஆடட்டும். ஆட்டம் நல்லா இருக்கும்’னான்.

திரும்பிப் பாக்கேன், எபனேசர் புளிய மரத்தடியில நிக்கான். ஷூ போட்டுத் தயாரா. மூணு வருஷத்துக்கு முந்தி நான் அவங்கிட்டச் சொன்னதை தாவீது திருப்பிச் சொல்லலை. சொல்லியிருந்தாக் கூட எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

ராஜவேல் எங்கயும் போகலை. டேபிளுக்கு எதுக்க அப்படியே நிக்கான். அவனும் கேட்டுட்டான் தாவீது சொன்னதை. என் வாயையே பாக்கான். சின்னதுல லீவு லெட்டர்ல நான் கையெழுத்துப் போடும்போது பேனாவையே பாத்துக்கிட்டு நிப்பான், அதே மாதிரி.

பைக் வந்துட்டு. கார்டும் ஜெராக்ஸும் டேபிள்ல. மணி மூணு.

மைக்கை எடுத்தேன்.

சொல்லுங்க தம்பி, நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? எபனேசரை விரட்டுன வாயால எம்மகனை மட்டும் உள்ள விட முடியுமா? அவனையும் விடுன்னுதான் தாவீது சொன்னான், வாஸ்தவந்தான். ஆனா அப்ப மூணு வருஷமா நான் வச்சிருந்த ரூலு என்னத்துக்கு? அப்படின்னா அன்னைக்கு அவனை விரட்டுனது தப்புன்னு ஆகாதா? ஒரு செக்ரெட்டரி அதை மைக்ல ஒத்துக்கிட முடியுமா? ரூல்னா ரூல்தான?

நான் சொன்னது இதுதான். ‘ராஜவேல், வெளியூர் பிளேயர். ஏழாம் நம்பர் விதிப்படி ஆவரங்காடு அணி போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது.’

அடிதடி வரும்னு பயந்தேன், அது வரலை. எல்லாரும் என்னைப் பாக்கானுக, அவ்வளவுதான். கரையில கெடந்த ஒரு கெழவன் மட்டும் சத்தமாக் கேட்டான், ‘ஏ அய்யாத்துரை, அப்பன் பேரைச் சொல்லலையே?’ன்னு. நான் கேக்காத மாதிரி இருந்தேன்.

ராஜவேல் குனிஞ்சு அந்த ஒத்தைக் கால் பேடை அவுத்தான். அவுத்து டேபிள் மேல வச்சான். கார்டை எடுத்து பர்ஸ்ல வச்சான். பேட்டை டேபிள் கால்ல சாத்தினான். கோவமா ஒரு வார்த்தை? கெடையாது. ‘வாரேம்ப்பா’ன்னான். ஃபோன்ல வாரேம்ப்பான்னு சொன்னானே, அதே சொல்லுதான். மருமக பையைத் தோள்ல போட்டுக்கிட்டா. பாப்பாவை அவன் வாங்கித் தோள்ல சாத்திக்கிட்டான். அது அவன் தோளுக்கு மேல எட்டி கப்பையே பாத்துக்கிட்டுப் போகுது. வரப்புல மூணு பேரும் நடந்து மினி பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. எம் பேத்தியை நான் தொட்டுப் பாக்கலை தம்பி. பத்தடி தூரம் இருந்திருக்கும்.

கப்பைத் தாவீது வாங்க மாட்டேன்னுட்டான். ‘ஆடாத ஆட்டத்துக்கு எதுக்கு அண்ணாச்சி?’ன்னு டீமைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அது இப்ப என் வீட்டு பீரோ மேல இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டு வரலை. டீக்கடையில என்னைக் கண்டா பேச்சை நிறுத்திருதானுக. நியாயமா நடந்தவனுக்கு ஊர்ல இதுதான் மரியாதை.

என்ன தம்பி, சரின்னு சொல்ல மாட்டேங்கீங்க? தூக்கம் வருதா? தாராபுரம் தாண்டிட்டோம் போல.

ஒண்ணு சொல்லுதேன், இதை யாருகிட்டயும் சொன்னதில்லை. மைக்கைப் பிடிக்கும்போது எனக்கு ரூலு ஞாபகத்துலயே இல்லை. ஏழாம் நம்பரும் இல்லை, எபனேசரும் இல்லை. அந்த ஆறு நாலு ஒண்ணுதான் கண்ணுக்குள்ள நின்னுது. என் வீட்டு நம்பரை அவன் அழிச்சுட்டானேன்னு வலிச்சுது. ஊர்ல எவனுக்கு ஆதார் வந்தாலும் எங்கை வழியாத்தான் வரும், எம்மகன் கார்டு எந்த ஊர்லயோ எவனோ ஒரு போஸ்ட்மேன் கையில போயிருக்கு. நீ என்னை வெளிய தள்ளுனியா, இந்தா நானும் உன்னைத் தள்ளுதேன்னு இருந்துது. அதைத்தான் மைக்ல சொன்னேன். ரூல்னு சொல்லிச் சொன்னேன்.

சரி, விடுங்க. பேட்டைக் குடுத்துட்டு வந்துருவேன். அவன் வீடா? எந்த ஏரியான்னு எனக்குத் தெரியாது. யாருகிட்ட கேக்க? ஆனா அட்ரஸ் இருக்கு. அன்னைக்கு எடுத்த ஜெராக்ஸ். ஃபைல்ல இருக்க வேண்டியது, மனுவுலருந்து பின்னைப் பிடுங்கி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். செக்ரெட்டரி செய்யக் கூடாத காரியந்தான்.

இந்தாங்க. கண்ணாடியைப் போட்டாக் கூட எனக்கு இந்த எழுத்துப் பிடிபடலை. உங்களுக்கு அந்த ஊர் தெரியும்லா, எந்த ஸ்டாப்புல எறங்கணும்னு பாத்துச் சொல்லுங்க. கீழ இருந்து படிங்க. பின்கோடு சரி. அதுக்கு மேல? பாளையமா? அங்க பஸ் நிக்குமா? சரி. தெரு? மூணாவது வீதி. கதவு நம்பர் பதினேழு பார் ரெண்டு. போதும், போதும், கண்டுபிடிச்சுருவேன். நம்ம தொழிலே அதுதான.

இன்னும் ஒரு வரி இருக்கா? அது பேராத்தான் இருக்கும். பேரு அதுக்கும் மேலயா? அப்ப இது என்ன வரி?

யாரு பேரு? அய்யாத்துரை மகன்னா?

அட்ரஸ்லயா போட்டிருக்கு? கதவு நம்பருக்கு முன்னாடியா? பழைய கார்டுல இருந்தது அப்படியே வந்திருக்கும் தம்பி. எல்லாருக்கும் அப்படித்தான வரும். உங்க கார்டுல இல்லையா? மாத்தும்போது கேட்டாங்களா? வேணும்னா போடலாம், வேண்டாம்னா விடலாமா?

அப்ப அவன் போடுங்கன்னு சொல்லியிருக்கான்.

தம்பி, அந்த சன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, காத்து சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. இன்னொரு தடவை வாசிங்க. கீழ இருந்து வேண்டாம். மேல இருந்து வாசிங்க.